மறுபாதி யாருடைய பணம்?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரில் தனியார் அறக்கட்டளை நடத்தும் ஒரு கல்லூரியில் பி.இ. முடித்தேன். அதன்பின் இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தேன். ஊழியர்கள் கல்லூரிகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குச் சரிக்குச் சரியாக, ஆண்டுக்கு 5,000 டாலர் வரை எங்கள் கம்பெனியும் ‘மேட்ச்’ என்று போடுகிறது. இத்தனை வருஷம் அந்தப் பக்கமே நான் போனதில்லை.

எங்கள் பி.இ. வகுப்புக்கு வெள்ளிவிழா வருகிறது. கல்லூரிக்கு ஒரு ஆய்வுக்கூடம் கட்டித் தரலாம் என்று பேச்சு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: “அமெரிக்காவில் பதிவான நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஆளுக்கு 2,500 டாலர் அனுப்புங்கள். கம்பெனியில் மேட்ச் கேளுங்கள். மேட்ச் வந்ததும் உங்கள் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம், இல்லையென்றால் விழாச் செலவில் கழித்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பணம் கல்லூரிக்குப் போகட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.” குழுவில் பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

கோவைக் கல்லூரிக்கு நேராக அனுப்பினால் மேட்ச் கிடைக்குமா? என் தம்பி மகள் அதே கல்லூரியில்தான் படிக்கிறாள், அவள் ஃபீஸுக்கு என்று சொல்லிக் கொடுக்கலாமா? வரியில் எனக்கு எவ்வளவு கழியும்? என் கணவர் போன வருஷம் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு. அதனால் ஏதாவது மாறுமா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் யோசனை. அதன் பக்கம் போகாதீர்கள். “யாருக்கும் நஷ்டமில்லை” என்றவர் ஒருவரை எண்ணாமல் விட்டுவிட்டார். பணத்தை எடுத்துத் தரப்போகிற கம்பெனிதான் அது.

மேட்ச் கேட்டு விண்ணப்பிக்கும்போது கடைசித் திரையில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிப்போம். பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. ஒருமுறை படித்துப் பாருங்கள். வார்த்தைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், சாரம் ஒன்றுதான்: இது என் சொந்தப் பணம், முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன், இதற்கு ஈடாக எனக்கோ என் குடும்பத்துக்கோ எதுவும் வரவில்லை, வரப்போவதுமில்லை. உங்கள் 2,500 டாலர் சங்கத்துக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால், நடந்தது நன்கொடை இல்லை. நன்கொடையே இல்லாதபோது அதற்குச் சரிக்குச் சரி போட ஒன்றுமில்லை. பொய்யான ஓர் உறுதிமொழியைக் காட்டிக் கம்பெனியிடம் பணம் வாங்கினீர்கள் என்றுதான் ஆகும். அதே ரசீதை வருமான வரிக் கணக்கிலும் காட்டினால் இரண்டாவது பொய். சங்கத்தின் பொருளாளர் அந்த ரசீதில் கையெழுத்துப் போடுகிறாரே, அது மூன்றாவது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம், ஆப்பிள் கம்பெனியின் முன்னாள் ஊழியர்கள் ஆறு பேர் மீது குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டின்படி, நன்கொடை கொடுத்ததாகக் காட்டிக் கம்பெனியிடம் மேட்ச் வாங்கியிருக்கிறார்கள், பிறகு தாங்கள் போட்ட பணம் அவர்களுக்கே திரும்பியிருக்கிறது. மூன்று ஆண்டுகளில் கம்பெனி இழந்தது சுமார் 1,52,000 டாலர். கொடுக்காத நன்கொடையை வரிக் கழிவாகக் காட்டியதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. தொகையைப் பாருங்கள். ஆறு பேருக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் பிரித்தால் தலைக்கு வருவது, பெரிய சம்பளம் வாங்குகிற ஒருவர் தொழிலைப் பணயம் வைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. உங்கள் குழுவிலும் யாரும் திருட வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். கம்பெனி ஒதுக்கிவைத்த பணம், யாரும் கேட்காமல் கிடக்கிறது, நல்ல காரியத்துக்குத்தானே என்ற நினைப்புத்தான். ஆனால் கிரீன் கார்டில் இருப்பவருக்கு மோசடிக் குற்றம் என்பது வேலை போவதோடு முடியாது. குடியேற்றச் சட்டம் அதை மிகக் கடுமையாகப் பார்க்கும். சங்கத்தின் வரிவிலக்குத் தகுதியும் போய்விடலாம்.

விழாச் செலவில் கழிப்பதும் இதே கதைதான், கொஞ்சம் நாகரிகமான உடையில். நன்கொடைக்குப் பதிலாக விருந்து, இடம், பொருள் எது கிடைத்தாலும் அதன் மதிப்பைத் தள்ளிவிட்டு மீதிதான் நன்கொடை. இப்படிப் பதிலுக்கு ஏதாவது தரும் நிகழ்ச்சிக்கு 75 டாலருக்கு மேல் வாங்கினால், கொடுத்த பொருளின் மதிப்பு இவ்வளவு என்று சங்கம் எழுதித் தர வேண்டும். 150 டாலர் டிக்கெட்டில் சாப்பாடு 60 டாலர் என்றால் 90 டாலர்தான் நன்கொடை. விளையாட்டு மைதானத்தில் நல்ல இருக்கை கிடைப்பதற்காக அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் 80 சதவீதத்தை ஒரு காலத்தில் கழித்துக்கொள்ள விட்டார்கள். 2018 முதல் அதுவும் நின்றுபோனது.

இனி உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்பதற்கு வருகிறேன். மற்ற கேள்விகளுக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. மேட்ச் பணம் உங்கள் பணம் இல்லை. அது கம்பெனி தன் பெயரில் கொடுக்கும் தனி நன்கொடை. எங்கே போக வேண்டும் என்று சுட்டிக்காட்டும் உரிமையை மட்டும் உங்களுக்குத் தந்திருக்கிறார்கள், அதுவும் சில நிபந்தனைகளோடு. அதனால்தான் அந்தப் பாதி உங்கள் வரிக் கணக்கில் வராது. உங்கள் வருமானத்திலும் சேராது. கல்லூரியின் ஏட்டில் கம்பெனியின் பெயரில்தான் பதிவாகும், பக்கத்தில் “இவர் வழியாக வந்தது” என்று உங்களுக்கு ஒரு குறிப்பு இருக்கும். இந்திய எல்லையைத் தாண்டும்போதும் உங்கள் பாதிக்கு ஒரு சட்டம், கம்பெனியின் பாதிக்கு வேறு சட்டம்.

கம்பெனி எதற்காக இதைச் செய்கிறது என்று கேட்டால், கதை நீங்கள் இருக்கும் நியூ ஜெர்சியில்தான் தொடங்குகிறது. ஈஸ்ட் ஆரஞ்சில் குழாய் வால்வும் தீயணைப்புக் குழாய்முனையும் செய்த ஏ.பி. ஸ்மித் என்ற கம்பெனி, 1951-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1,500 டாலர் கொடுத்தது. “எங்கள் லாபத்தை எடுத்துக் கல்லூரிக்குக் கொடுக்க நீங்கள் யார்?” என்று பங்குதாரர்கள் சிலர் கிளம்பினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. படித்த ஆட்களும் நல்ல கல்லூரிகளும் இல்லாமல் தொழில் நடக்காது, எனவே இது கம்பெனியின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று 1953-இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் தர்மம் செய்வதற்குச் சட்டத்தில் காலூன்ற இடம் தந்த தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் பாடமாக வைக்கிறார்கள். அடுத்த வருஷமே, 1954-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் அறக்கட்டளை முதல் மேட்சிங் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் தான் படித்த கல்லூரிக்குக் கொடுத்தால் கம்பெனியும் கொடுக்கும் என்பதுதான் அது. மேட்சிங் பிறந்ததே கல்லூரிகளுக்காக. மருத்துவமனை, அருங்காட்சியகம், உணவு வங்கியெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

“நீ போட்டால் நானும் போடுகிறேன்” என்ற முறை நம் ஊர்க் கல்லூரிகளுக்குப் புதிதும் இல்லை. 1920-களின் தொடக்கத்தில், ஆசியாவில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக லூசி பீபாடி என்ற அமெரிக்க அம்மையாரின் தலைமையில் பெண்கள் நிதி திரட்டினார்கள். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு நிதி ஒரு நிபந்தனை போட்டது: இருபது லட்சம் டாலர் திரட்டிக் காட்டினால் பத்து லட்சம் நாங்கள் தருகிறோம். காட்டினார்கள். அந்த ஏழில் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும், ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் உண்டு. ஐடா ஸ்கடரும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். கொடுத்தவர்களில் பலர் சில்லறைக் காசு போட்ட தேவாலயப் பெண்கள். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

சரி, இன்றைய நடைமுறை. பெரிய கம்பெனிகள் இதற்கு பெனிவிட்டி, யுவர்காஸ், சைபர்கிராண்ட்ஸ் போன்ற தளங்களில் ஒன்றை வைத்திருக்கின்றன. அதிலேயே சம்பளத்திலிருந்து கொடுக்கலாம், அல்லது வெளியே கொடுத்துவிட்டு ரசீதை ஏற்றலாம். பணம் பெற்ற அமைப்பு, “ஆமாம், இந்தத் தேதியில் இவ்வளவு வந்தது” என்று அதே தளத்தில் உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு கம்பெனி பல பேருடைய மேட்சைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும். உங்கள் பணம் மார்கழியில் போனால் மறுபாதி சித்திரையில் வந்து சேர்ந்தாலும் வியப்பில்லை. ஆய்வுக்கூடக் கட்டட வேலையைத் திட்டமிடுகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். வாக்குறுதிக்கு மேட்ச் கிடையாது, கைமாறிய பணத்துக்குத்தான். மேட்ச் தொகையின் உச்சவரம்பு, கேட்க வேண்டிய கடைசித் தேதி எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மைக்ரோசாஃப்ட் ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை போடுகிறது. அங்கே தொண்டாக உழைத்த நேரத்துக்கும் மணிக்கு 25 டாலர் என்று கணக்கு உண்டு. ஒரு டாலருக்கு மூன்று டாலர் போட்டு எக்ஸான்மொபில் ஒரு காலத்தில் பேர் வாங்கியது. பல கம்பெனிகள் ஓய்வு பெற்றவர்களுக்கும் மேட்ச் தருகின்றன, உங்கள் வகுப்பில் சீக்கிரம் ஓய்வு பெற்ற அதிர்ஷ்டசாலி இருந்தால் சொல்லுங்கள். உங்கள் கம்பெனியின் விதிப் புத்தகத்தில் இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். “கல்லூரி” என்பதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் வரையறை ஒன்று. வெளிநாட்டு அமைப்புகள் பற்றிய வரி இன்னொன்று.

எம்.எஸ். படித்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. அந்த ஊரில் தமிழ் சொல்லித்தரும் துறை இருந்து, அதற்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் கேட்பது கோவையைப் பற்றி. அங்கேதான் காகித வேலை அதிகம்.

கோவைக் கல்லூரிக்கு நீங்கள் நேராக அனுப்பும் பணத்துக்கு அமெரிக்காவில் வரிக் கழிவு இல்லை. அமெரிக்கச் சட்டப்படி அமைந்த, 501சி3 என்ற வரிவிலக்குத் தகுதி பெற்றவை போன்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கழிவு. வரி ஒப்பந்தத்தால் கனடா, மெக்சிகோ, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, இந்தியாவுக்கு இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் மேட்சுக்கும் இதே கோட்டைத்தான் போடுகின்றன. சில கம்பெனிகளின் தளங்களில், சரிபார்க்கப்பட்ட இந்திய அமைப்புகள் நேராகவே பட்டியலில் இருக்கும். உங்கள் கல்லூரி அறக்கட்டளையின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். சில நேரம் ஆச்சரியம் காத்திருக்கும்.

இல்லையென்றால், கல்லூரிக்கு ஆதரவாக இங்கே பதிவான ‘நண்பர் அமைப்பு’ ஒன்றின் வழியாகப் போக வேண்டும். வேலூர் சிஎம்சிக்கு நியூயார்க்கில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. சென்னை ஐஐடிக்கும் இங்கே ஒன்று உண்டு. உங்கள் முன்னாள் மாணவர் சங்கம் 501சி3 தகுதி பெற்றிருந்தால் அதுவும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வாங்கி அப்படியே அனுப்பும் தபால்காரராக மட்டும் சங்கம் இருந்தால், கொடுத்தவருக்கு வரிக் கழிவு கிடையாது. இந்தத் திட்டம் தகுதியானதா என்று சங்கத்தின் இயக்குநர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். வேண்டாமென்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் உண்மையிலேயே இருக்க வேண்டும். பணம் போன பிறகு எப்படிச் செலவானது என்று கணக்கு கேட்க வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் கடைசியாகக் கூட்டக் குறிப்பு எழுதியவர் யார் என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால், கேஃப் அமெரிக்கா போல இதையே தொழிலாகச் செய்யும் இடைநிலை அமைப்புகளை நாடுவது மேல். கட்டணம் எடுப்பார்கள், ஆனால் ஒழுங்காகச் செய்வார்கள்.

பணம் இந்தியக் கரையைத் தொடும்போது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 வருகிறது. எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்பார்கள். சங்கம் அனுப்பினாலும் கம்பெனியின் அறக்கட்டளை அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதை வாங்க, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். “எங்களுக்கு இருக்கிறது” என்று கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல், பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஆசைப்பட்ட பல குழுக்கள் இந்தப் படியில்தான் வழுக்குகின்றன.

2020-இல் அந்தச் சட்டத்தில் வந்த மூன்று திருத்தங்கள் உங்களைத் தொடும். வெளிநாட்டுப் பணம் முதலில் புது டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். கோவைக் கிளைக் கணக்கு எண்ணைக் கொடுத்து “இதில் போட்டுவிடுங்கள்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 வரை விட்டார்கள். மூன்றாவதுதான் பலருடைய திட்டத்தைக் கவிழ்க்கிறது: வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கல்லூரிக்குப் பதிவில்லை, ஆனால் தெரிந்த வேறொரு அறக்கட்டளைக்கு இருக்கிறது, அதன் வழியாக வாங்கிக் கல்லூரிக்குத் தள்ளிவிடலாம் என்று யாரும் சொன்னால், அந்தக் கதவு 2020-லேயே அடைபட்டுவிட்டது. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் கதை வேறு. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தின் கீழ் அமைந்து, கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கட்டாயம் தணிக்கை செய்யும் அமைப்புகளுக்கு 2020 ஜனவரி ஆணைப்படி விலக்கு உண்டு. உங்கள் கல்லூரி தனியார் அறக்கட்டளை நடத்துவது. அந்த விலக்கு உதவாது.

உங்கள் குடியுரிமைக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனோ குடிமகளோ தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக அனுப்பும் பணத்தை இந்தச் சட்டம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதுவதில்லை. எஃப்சிஆர்ஏ பதிவே இல்லாத கல்லூரியும் உங்களிடமிருந்து நேராக வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் விவரத்தை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, கேட்காவிட்டாலும் நீங்களே அனுப்புங்கள். ஆனால் உங்கள் கணவர் அமெரிக்கக் குடிமகன் ஆன நாளிலிருந்து அவர் வெளிநாட்டவர். அவர் கோவையில் பிறந்தவராக இருக்கலாம், ஓசிஐ அட்டை இருக்கலாம், அதே கல்லூரியில் படித்தவராகக்கூட இருக்கலாம். அவர் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்புதான். ஒரே வீட்டுப் பணம், ஒரே அடுப்பு, இரண்டு சட்டம். எனக்கே இது விசித்திரமாகத்தான் படுகிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எனவே நேராக அனுப்புவதாக இருந்தால் கூட்டுக் கணக்கு வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும் உள்ள என்ஆர்இ கணக்கிலிருந்து அனுப்புங்கள். நீங்களும் குடியுரிமை வாங்கப் போகிறீர்கள் என்றால், நேரடி நன்கொடையை அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

இந்த நேரடி வழியில் மேட்சும் இல்லை, அமெரிக்க வரிக் கழிவும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். கல்லூரிக்குப் பதிவு இல்லாவிட்டால், மேட்சுக்காகச் சுற்றிச் சுற்றி வழி தேடுவதைவிட, சொந்தப் பணத்தை நேராகக் கொடுத்துவிட்டு மறுபாதியை மறந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. அந்த 5,000 டாலர் உரிமையை உங்கள் எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் ஏழை மாணவர் உதவித்தொகைக்குப் பயன்படுத்துங்கள், அங்கேயும் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். கல்லூரிக்குப் பதிவு இருந்தால் மட்டும் சங்கம் வழியாகவோ இடைநிலை அமைப்பு வழியாகவோ மேட்சோடு அனுப்புங்கள். அப்போது ஆய்வுக்கூடத்துக்கு இருமடங்கு நேர்மையாகவே கிடைக்கும்.

தம்பி மகள் ஃபீஸ்: கூடாது. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு என்று கொடுப்பது நன்கொடை ஆகாது, வரிச் சட்டத்திலும் ஆகாது, மேட்சிலும் ஆகாது. “எங்கள் துறையில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை” என்று ஒரு வகையினருக்குக் கொடுக்கலாம், தேர்வு கல்லூரியிடம் இருக்கும். தம்பி மகளுக்கு நீங்கள் அத்தையாகக் கொடுங்கள். அதற்கு ரசீது எதற்கு?

வரியைப் பற்றிக் கேட்டீர்கள். அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தம்பதியர் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 2025 வரியாண்டுக்கு நிலையான கழிவு 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால்தான் நன்கொடைக்கென்று தனியே பலன். 2026 வரியாண்டு முதல் இரண்டு மாற்றங்கள். நிலையான கழிவை எடுப்பவர்களும் ரொக்க நன்கொடைக்காகத் தம்பதியருக்கு 2,000 டாலர் வரை கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். விவரமாகப் பட்டியலிடுபவர்களுக்கு, சரிசெய்த மொத்த வருமானத்தில் அரை சதவீதம் வரையிலான நன்கொடை எண்ணப்படாது. உங்கள் இருவர் வருமானம் 2,00,000 என்றால் முதல் 1,000 டாலர் போச்சு. 5,000 கொடுத்தால் 4,000-தான் கழிவு. கம்பெனிகளுக்கும் அதே ஆண்டு முதல் வரிக்குரிய வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் கொடுத்தால்தான் கழிவு என்று விதி வந்திருக்கிறது. ஆகவே போன வருஷ விதிப் புத்தகத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம், ஒவ்வொரு ஜனவரியிலும் எடுத்துப் பாருங்கள். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால், பதிலுக்கு எதுவும் தரவில்லை என்று சொல்லும் கடிதம் கணக்குத் தாக்கல் செய்யும் முன் கையில் இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது.

உங்கள் கம்பெனி பங்குகள் கையில் இருந்தால் யோசிக்க வேண்டிய ஒன்று. வாங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகி, விலை ஏறியிருக்கும் பங்கை விற்காமல் அப்படியே கொடுத்தால், ஏறிய லாபத்துக்கு வரி இல்லை. பட்டியலிடுபவர்களுக்கு அன்றைய சந்தை விலை முழுவதும் நன்கொடையாக எண்ணப்படும். பங்குக்கும் மேட்ச் தருகிற கம்பெனிகள் நிறைய. ஆனால் நன்கொடையாளர் ஆலோசனை நிதி என்ற பெயரில் ஒரு கணக்கில் போட்டு வைத்து, அதிலிருந்து கல்லூரிக்கு அனுப்பினால் பல கம்பெனிகள் மேட்ச் தருவதில்லை. மேட்ச் வேண்டுமென்றால் உங்கள் கையிலிருந்தே போகட்டும்.

கணவரின் கம்பெனியிலும் இப்படித் திட்டம் இருந்தால் அவர் தன் பணத்தைக் கொடுத்துத் தன் பெயரில் கேட்கலாம். ஒரே 2,500 டாலரை இரண்டு கம்பெனியிலும் காட்டக் கூடாது. ஒரே காசோலையில் சேர்த்துக் கொடுத்தீர்கள் என்றால் யார் பங்கு எவ்வளவு என்று பணம் பெறும் அமைப்புக்கு எழுதிக் கொடுத்து, தனித்தனி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருஷக் கணக்கில் வர வேண்டும் என்றால் டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். கிரெடிட் கார்டில் கொடுத்தால், பில்லை ஜனவரியில் கட்டினாலும் கார்டைத் தேய்த்த தேதிதான் கணக்கு.

வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன சொல்வது என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். “திருப்பித் தருவதாக இருந்தால் என் கம்பெனி மேட்ச் கேட்க முடியாது, திருப்ப வேண்டாம், நான் முழுசாகவே தருகிறேன்” என்று ஒரு வரி போடுங்கள். கூடவே சங்கத்தின் 501சி3 கடிதத்தையும் கல்லூரியின் எஃப்சிஆர்ஏ பதிவு எண்ணையும் கேளுங்கள். பொருளாளர் நல்லவராக இருந்தால் அன்றே அனுப்புவார்.